ஒரு வரி மாற்றத்துக்கு முழுக் கோப்பும் சிவப்பு: கிட்டில் வரிமுடிவுகளோடு மல்லுக்கட்டிய அனுபவம்

எங்கள் குழுவில் பாதிப் பேரிடம் விண்டோஸ் லேப்டாப், சிலரிடம் மேக், மிச்சப் பேர் உபுண்டு. பில்ட் ஓடுவதும் கடைசியில் புரொடக்‌ஷனில் ஓடுவதும் லினக்ஸ். இப்படிக் கலந்து வேலை செய்கிற இடத்தில் இந்தப் பேச்சு என்றைக்காவது வந்தே தீரும்:

"என்னப்பா, மொத்த ஃபைலையும் மாத்தி எழுதிட்டியா?"

"இல்லண்ணா, ஒரே ஒரு கண்டிஷன்தான் மாத்துனேன். என் எடிட்டர்ல ஒரு வரிதான் காட்டுது."

ரிவ்யூ பக்கத்தில் கோப்பின் எல்லா வரியும் சிவப்பில் நீக்கப்பட்டு, அதே வரிகள் பச்சையில் திரும்பச் சேர்க்கப்பட்டிருக்கும். எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் வித்தியாசம் தெரியாது. தம்பி சொன்னதும் பொய்யில்லை. அவர் வைத்திருக்கும் வி.எஸ். கோடின் ஒப்பீட்டுத் திரை ஒவ்வொரு வரியிலும் உள்ள எழுத்துகளைத்தான் ஒப்பிடும். அந்த வரி எதில் முடிகிறது என்று பார்க்காது. நிரலில் யார் எதை மாற்றினார் என்று பதிந்து வைக்கும் கிட், பைட் பைட்டாகப் பார்க்கும். அவருடைய ஃபார்மேட்டர் (நிரலை ஒழுங்குபடுத்தும் கருவி), சேமிக்கும்போது வரிமுடிவை மாற்றி எழுதிவிட்டது. கிட்டைப் பொறுத்தவரை எல்லா வரியும் புது வரி.

பின்னணி சுருக்கமாக. ஆஸ்கி அட்டவணையில் 13ஆம் எண் கேரேஜ் ரிட்டர்ன், 10ஆம் எண் லைன் ஃபீட். டெலிடைப் காலத்து இயந்திரங்களில் அச்சுத் தலையை இடது ஓரத்துக்குக் கொண்டுவர ஒன்று, தாளை ஒரு வரி மேலே தள்ள இன்னொன்று. யூனிக்ஸ் 10ஐ மட்டும் வைத்துக்கொண்டது. டாஸ், தனக்கு முந்தைய சி.பி./எம். வழியில் இரண்டையும் வைத்துக்கொண்டது. விண்டோஸ் அதை வாங்கிக்கொண்டது. பழைய மேக் 13ஐ மட்டும் பயன்படுத்திக்கொண்டிருந்தது, 2001இல் வந்த ஓ.எஸ். எக்ஸ் யூனிக்ஸ் பக்கம் சாய்ந்தது. இனி இரண்டும் சேர்ந்ததை சிஆர்எல்எஃப் என்றும், ஒற்றையை எல்எஃப் என்றும் சொல்கிறேன். எது சரி என்ற சண்டைக்கு நான் வரவில்லை. எச்.டி.டி.பி. 1.1 தலைப்பு வரிகள் இன்றும் சிஆர்எல்எஃப்பில்தான் முடிகின்றன, அதனால் 'விண்டோஸின் கிறுக்குத்தனம்' என்று சிரிப்பதற்கும் இதில் இடமில்லை.

சிக்கலின் வேர் கிட்டை நிறுவும் இடத்தில் இருக்கிறது. விண்டோஸில் நிறுவும்போது ஒரு திரை மூன்று வழிகளைக் காட்டும். முதல் வழி, ரெப்போவிலிருந்து (கிட் எல்லாக் கோப்பையும் வரலாற்றோடு வைத்திருக்கும் களஞ்சியம்) வட்டுக்கு எடுக்கும்போது சிஆர்எல்எஃப், கமிட் செய்யும்போது (மாற்றத்தை ரெப்போவில் பதியும்போது) எல்எஃப். முன்கூட்டியே தேர்ந்தெடுத்து வைத்திருப்பது இதைத்தான். இரண்டாவது, எடுக்கும்போது உள்ளபடி, கமிட்டில் எல்எஃப். மூன்றாவது, இரண்டு பக்கமும் உள்ளபடி. இந்தத் திரையை நிறுத்திப் படித்தவர் யாரையும் நான் பார்த்ததில்லை. 'நெக்ஸ்ட்' அடித்தவர்களுக்கு முதல் வழி. 'எதையும் மாத்தாதே' என்று யாரோ சொன்னதைக் கேட்டவர்களுக்கு மூன்றாவது. உபுண்டுவில் இப்படி ஒரு கேள்வியே வராது. ஆக, ஒரே ரெப்போவை எடுத்து வைத்திருக்கும் மனிதர்களிடம் ஆளுக்கொரு விதி. அந்த விதியின் பெயர் ஆட்டோசிஆர்எல்எஃப்; அது இருப்பது அவரவர் கணினியின் கான்ஃபிக்கில், ரெப்போவில் இல்லை.

இதற்கு இணையத்தில் தேடினால் முதலில் கிடைக்கும் அறிவுரை, 'எல்லோரும் ஆட்டோசிஆர்எல்எஃப்பை இப்படி வையுங்கள்' என்பதுதான். என் கணிப்பில் இது மோசமான அறிவுரை. குழுவில் எல்லோருக்கும் மெயில் அனுப்பலாம், விக்கியில் எழுதி வைக்கலாம். அடுத்த மாதம் சேருபவர் படிக்க மாட்டார். பழைய ஆள் புது லேப்டாப் வாங்குவார், மறப்பார். பில்ட் சர்வரின் இமேஜை யாரோ மாற்றுவார்கள். ஒரு கோப்பின் பைட்டுகள் எப்படி இருக்க வேண்டும் என்பது அந்தக் கோப்பு வாழும் ரெப்போவின் முடிவு. அதை ஆளுக்கு ஆள் மாறும் அமைப்பில் விடக்கூடாது.

டிஃப் சிவந்து போவது வெறும் எரிச்சல், பொறுத்துக்கொள்ளலாம். எங்களை உண்மையில் உட்கார்ந்து யோசிக்க வைத்தது டாக்கர்: நிரலையும் அதற்கு வேண்டியதையும் ஒரு இமேஜாகக் கட்டி, கன்டெய்னர் என்ற தனிச் சூழலில் ஓட்டும் கருவி. கன்டெய்னர் தொடங்கும்போது ஓடும் ஒரு சிறிய ஷெல் ஸ்கிரிப்ட். பில்ட் சர்வரில் கட்டிய இமேஜ் ஓடுகிறது. அதே கமிட்டை விண்டோஸ் லேப்டாப்பில் கட்டினால், அப்படி ஒரு கோப்போ அடைவோ இல்லை என்று சொல்லிவிட்டுக் கன்டெய்னர் செத்துவிடுகிறது. உள்ளே புகுந்து பார்த்தால் கோப்பு அங்கேயேதான் இருக்கிறது. அனுமதியும் சரியாக இருக்கிறது. பாதையைத் திருத்தினார்கள், டாக்கர்ஃபைலில் அடைவை மாற்றினார்கள், அடிப்படை இமேஜையே மாற்றினார்கள். அரை நாள் இப்படிப் போயிற்று.

நடந்தது இதுதான். ஸ்கிரிப்ட்டின் முதல் வரியில் ஹேஷ் குறியும் (#) ஆச்சரியக்குறியும் போட்டு, எந்த ஷெல்லால் ஓட வேண்டும் என்று எழுதியிருக்கும். லினக்ஸ் கெர்னல் அந்த வரியை எல்எஃப் வரை படிக்கும். சிஆர்எல்எஃப் கோப்பில் எல்எஃப்புக்கு முன்னால் ஒரு 13 உட்கார்ந்திருக்கிறது. கெர்னலுக்கு அதுவும் பாதையின் ஒரு எழுத்து. ஆக அது தேடுவது ஷெல்லை அல்ல, ஷெல்லின் பெயருக்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாத ஒரு எழுத்து ஒட்டிய இன்னொரு நிரலை. அது எங்கேயும் இல்லை. 'இல்லை' என்ற செய்தி அந்த நிரலைப் பற்றியது. நாம் ஸ்கிரிப்ட்டைப் பற்றியது என்று நினைத்துக்கொள்கிறோம். டெர்மினலில் நேரடியாக ஓட்டினால் பாஷ் கொஞ்சம் கருணை காட்டும்: பாதைக்குப் பின்னால் ^எம் (13ஐக் காட்டும் குறி) என்று போட்டு, இன்டர்ப்ரிட்டர் சரியில்லை என்று சொல்லும். கன்டெய்னர் தொடங்கும்போது நடுவில் பாஷ் இல்லாததால் அந்தக் குறிப்பும் கிடைக்காது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று இருக்கிறது. ரெப்போவுக்குள் அந்த ஸ்கிரிப்ட் சுத்தமான எல்எஃப்பில்தான் இருந்தது. விண்டோஸில் எடுக்கும்போது கிட் அதை சிஆர்எல்எஃப் ஆக்கியது, அந்த நிறுவல் திரை வாக்குறுதி கொடுத்தபடியே. டாக்கர் ரெப்போவைப் பார்ப்பதில்லை. வட்டில் இருக்கும் கோப்பை அப்படியே அள்ளி இமேஜுக்குள் வைக்கிறது. 'கமிட்டில் எல்எஃப் ஆகிவிடுகிறதே, அப்புறம் என்ன' என்ற பழைய ஆறுதல் டாக்கர் வந்த பிறகு செல்லாது.

கண்டுபிடிக்கும் வழிகளுக்கு வருவோம். லினக்ஸிலோ, விண்டோஸுக்குள் லினக்ஸை ஓட்டும் டபிள்யூ.எஸ்.எல்.லிலோ 'ஃபைல்' கட்டளையைக் கொடுத்தால், சிஆர்எல்எஃப் வரிமுடிவு இருப்பதைச் சொல்லிவிடும். 'கேட்' கட்டளையோடு பெரிய ஏ தெரிவைச் சேர்த்தால் ஒவ்வொரு வரியின் முடிவிலும் டாலர் குறி வரும். சிஆர்எல்எஃப் வரிகளில் அதற்கு முன் ^எம் இருக்கும். வி.எஸ். கோடில் இன்னும் எளிது, கீழ்ப்பட்டையின் வலது பக்கம் எழுதியே இருக்கும். கிட்டின் டிஃபில் ஒரு வினோதம் இருக்கிறது, தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது: இயல்பாக அது புதிதாகச் சேர்ந்த வரிகளில் மட்டும்தான் ^எம் என்று தனித்துக் காட்டும். எல்எஃப்பில் இருந்து சிஆர்எல்எஃப்புக்கு மாறினால் பச்சை வரிகளின் ஓரத்தில் அது தெரியும். எதிர்த்திசையில் மாறினால் எதுவுமே தெரியாது. ஒரே மாதிரியான சிவப்பு, ஒரே மாதிரியான பச்சை.

எனக்கு இவற்றில் மிகப் பிடித்தது 'கிட் எல்எஸ்-ஃபைல்ஸ்' கட்டளையோடு '--இஓஎல்' தெரிவு. 2016இல் வந்த 2.8 பதிப்பிலிருந்து இருக்கிறது, ஆனாலும் தெரிந்தவர் குறைவு. ஒவ்வொரு கோப்புக்கும் மூன்று தகவல் தரும். ஐ என்று தொடங்குவது இண்டெக்ஸில், அதாவது கமிட்டுக்குப் போகும் வடிவத்தில், என்ன இருக்கிறது என்பது. டபிள்யூ என்று தொடங்குவது உங்கள் வட்டில் என்ன இருக்கிறது என்பது. மூன்றாவது, அந்தக் கோப்புக்கு ரெப்போ என்ன விதி வைத்திருக்கிறது என்பது. எங்கள் ரெப்போவில் ஓட்டிப் பார்த்தபோது மூன்றாவது பத்தி முழுக்கக் காலி. முதல் பத்தியில் பெரும்பாலும் எல்எஃப், நடுநடுவே சிஆர்எல்எஃப், ஆங்காங்கே 'மிக்ஸ்ட்'. மிக்ஸ்ட் என்றால் ஒரே கோப்புக்குள் இரண்டும். ஒருவர் கோப்பில் இன்னொருவர் வெட்டி ஒட்டிய தடம் அது.

தீர்வு, ரெப்போவின் மேல்மட்டத்தில் .கிட்ஆட்ரிபியூட்ஸ் என்ற கோப்பு. இதில் எழுதியது தனிப்பட்ட ஆட்டோசிஆர்எல்எஃப் அமைப்பை மீறிச் செல்லும், ரெப்போவோடு சேர்ந்தே பயணிக்கும். யாருக்கும் மெயில் அனுப்பத் தேவையில்லை.

அதன் முதல் வரியில் நட்சத்திரக் குறி, பிறகு 'டெக்ஸ்ட்=ஆட்டோ'. எது உரைக் கோப்பு, எது பைனரி என்பதைக் கிட்டே கணித்து, உரையை மட்டும் எல்எஃப் ஆக்கிச் சேமிக்கும். பலர் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். அப்படி விட்டால் வட்டில் என்ன வடிவம் இருக்கும் என்பது மறுபடி அவரவர் அமைப்புக்கே போய்விடும், டாக்கர் சிக்கல் அப்படியே நிற்கும். அதனால் நாங்கள் அதே வரியில் 'இஓஎல்=எல்எஃப்' என்பதையும் சேர்த்தோம்: விண்டோஸிலும் வட்டில் எல்எஃப்பே. "விண்டோஸ்ல நோட்பேட்ல திறந்தா எல்லாம் ஒரே வரியா வருமே?" என்று குழுவில் ஒரு சார் கேட்டார். முன்பு நியாயமான கேள்விதான். 2018இல் வந்த விண்டோஸ் 10 புதுப்பிப்பிலிருந்து நோட்பேடும் எல்எஃப்பைப் புரிந்துகொள்கிறது. டாக்கரோ டபிள்யூ.எஸ்.எல்.லோ பயன்படுத்தாத, விண்டோஸுக்கு மட்டுமே எழுதுகிற குழுவாக இருந்தால் வேறு முடிவு எடுக்கலாம். மற்றவர்கள் எல்எஃப்புக்குப் போய்விடுவதே நிம்மதி. ஒரே எச்சரிக்கை: இந்த இரண்டையும் ஒரே வரியில் சேர்த்து எழுதுவது கிட் 2.10க்கு முந்தைய பதிப்புகளில் 'ஆட்டோ'வை மதிக்காமல் பைனரிகளையும் உரையாக நடத்தியது. அவ்வளவு பழைய கிட் எங்காவது ஒரு பழைய சர்வரில் ஒளிந்திருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

அடுத்து விதிவிலக்குகள். விண்டோஸ் கட்டளைகளை வரிசையாக ஓட்டும் .பேட், .சிஎம்டி கோப்புகளுக்கு 'இஓஎல்=சிஆர்எல்எஃப்'. எல்எஃப் மட்டும் உள்ள அப்படிப்பட்ட கோப்பில் விண்டோஸின் கட்டளை இயக்கி, 'கோட்டூ' தேடும் குறியைச் சில சமயம் தவற விடும், அதுவும் கோப்பின் நீளத்தைப் பொறுத்து. இன்று ஓடும், நடுவில் இரண்டு வரி சேர்த்தால் ஓடாது. இந்த வகைப் பிழையைத் தேடுவதைவிட ஒரு விதி எழுதுவது மலிவு. .எஸ்எச் கோப்புகளுக்கு வெளிப்படையாகவே எல்எஃப். நீட்சிப் பெயர் இல்லாத ஷெல் ஸ்கிரிப்ட்களை மறந்துவிடக்கூடாது. ஜாவா புராஜெக்ட்களில் இருக்கும் 'கிரேடில்டபிள்யூ' அப்படி ஒன்று. புதிய கிரேடில், புராஜெக்ட்டைத் தொடங்கும்போது இதற்கான .கிட்ஆட்ரிபியூட்ஸை அதுவே எழுதிக் கொடுத்துவிடுகிறது. அதைத் தேவையில்லாத கோப்பு என்று அழிக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

படங்கள், ஃபான்ட்கள், பி.டி.எஃப்., ஜார் எல்லாவற்றுக்கும் 'பைனரி' என்று எழுதினோம். கிட் தானாகவே பெரும்பாலும் சரியாகக் கணிக்கும், ஆனால் பி.டி.எஃப். மாதிரி உரை நிறைந்த பைனரிகளில் ஏமாற வாய்ப்புண்டு, ஏமாந்தால் கோப்பு கெடும். எஸ்.வி.ஜி. உரைக் கோப்பு, அதைப் படங்களின் பட்டியலில் தள்ள வேண்டாம்.

யோசித்துச் செய்ய வேண்டியது டெஸ்ட் தரவு. வெளி நிறுவனம் ஒன்று அனுப்பும் சி.எஸ்.வி. வடிவத்தைப் படிக்கிற டெஸ்ட் எங்களிடம் உண்டு. அவர்கள் அனுப்புவது சிஆர்எல்எஃப். டெஸ்டின் நோக்கமே அதைச் சரியாகக் கையாளுகிறோமா என்பது. அதை எல்எஃப் ஆக்கிவிட்டால் டெஸ்ட் எப்போதும் பச்சையாக இருக்கும், புரொடக்‌ஷன் உடையும். செக்சம் சரிபார்க்கிற கோப்புகளுக்கும் இதே கதை: ஒரு பைட் மாறினாலும் ஷா-256 முழுக்க மாறும். டெஸ்ட் தரவு இருக்கும் அடைவு முழுவதற்கும் 'டெக்ஸ்ட்' என்பதற்கு முன் ஒரு கழித்தல் குறி போட்டு, 'இதைத் தொடாதே' என்று எழுதினோம். .பேட்ச் நீட்சியுள்ள திருத்தக் கோப்புகள் இருந்தால் அவற்றையும் இதில் சேர்க்கலாம்.

விதி எழுதினால் மட்டும் பழைய கோப்புகள் மாறாது. ஏற்கெனவே சிஆர்எல்எஃப்பில் கமிட் ஆன கோப்பை 'ஆட்டோ' விதி அப்படியே விட்டுவைக்கும். யாருடைய திருத்தமும் திடீரென்று முழுக் கோப்பு மாற்றமாகி விடக்கூடாது என்ற நல்லெண்ணம்தான். நாமாகச் சொல்ல வேண்டும்: 'கிட் ஆட் --ரீநார்மலைஸ்' கொடுத்து, பின்னால் ஒரு புள்ளி. கிட் 2.16இல் வந்தது இது. அதற்கு முன் இண்டெக்ஸைக் காலி செய்து மறுபடி நிரப்பும் சுற்று வழி இருந்தது.

கட்டளை ஒரு நிமிட வேலை. எப்போது ஓட்டுவது என்பதுதான் பேச்சுவார்த்தை. நாங்கள் ஒரு ரிலீஸ் முடிந்த வெள்ளிக்கிழமை மாலையைப் பிடித்தோம். திறந்திருந்த புல் ரிக்வெஸ்ட்களில் (ரிவ்யூவுக்குக் காத்திருக்கும் மாற்றங்கள்) முடிந்ததை எல்லாம் மெர்ஜ் செய்தோம், அதாவது மெயின் பிராஞ்சில் சேர்த்தோம். எல்லோரும் கையில் இருப்பதைப் புஷ் செய்தார்கள். அப்புறம் இரண்டு கமிட்: விதிக் கோப்பு ஒன்று, மாற்றம் ஒன்று. மாற்றத்துக்கான கமிட்டில் வேறு எதையும், ஒரு காற்புள்ளியைக்கூட, சேர்க்கவில்லை. 'டிஃப்' கட்டளைக்கு '--இக்னோர்-சிஆர்-அட்-இஓஎல்' கொடுத்துப் பார்த்தால் விடை வெறுமையாக வர வேண்டும். வந்தது என்றால் ரிவ்யூ முடிந்தது. ஆயிரக்கணக்கான வரியை யாரும் கண்ணால் படிக்க வேண்டியதில்லை.

திங்கட்கிழமை எல்லோரையும் ரெப்போவைப் புதிதாக குளோன் (முழு நகல்) எடுக்கச் சொன்னோம். "புல் பண்ணா போதாதா?" என்றார்கள். போதாது. ரெப்போவில் ஏற்கெனவே எல்எஃப்பாக இருந்து, வட்டில் மட்டும் சிஆர்எல்எஃப்பாக இருக்கும் கோப்புகள் அந்தக் கமிட்டில் மாறவே இல்லை. ஆகவே புல் செய்யும்போது கிட் அவற்றைத் திரும்ப எழுதாது. டாக்கர் பழையபடி சாகும், 'விதி வேலை செய்யவில்லை' என்று பழி வரும்.

மெர்ஜ் ஆகாமல் நின்ற நீண்டகால பிராஞ்ச்கள் (தனியாகப் பிரிந்து நடக்கும் வேலைகள்) சில இருந்தன. அவற்றில் மெயின் பிராஞ்சை மெர்ஜ் செய்தால் தொட்ட கோப்பெல்லாம் மோதும். இதற்கு மெர்ஜில் பெரிய எக்ஸ் தெரிவோடு 'ரீநார்மலைஸ்' கொடுக்கலாம். ஒப்பிடும் மூன்று வடிவங்களையும் முதலில் ஒரே வரிமுடிவுக்குக் கொண்டுவந்துவிட்டு, பிறகு மெர்ஜ் செய்யும். உண்மையான மோதல்கள் மட்டும் மிஞ்சும். இது தெரியாமல் ஒவ்வொரு கோப்பாகக் கையால் தீர்த்த குழுக்கள் இருக்கின்றன, பாவம்.

ஒவ்வொரு வரியையும் கடைசியாக மாற்றியவர் யார் என்று காட்டும் பிளேம் கட்டளை பற்றிய பயத்தையும் சொல்ல வேண்டும். 'இந்தக் கமிட்டுக்கு அப்புறம் எல்லா வரியிலும் உன் பேர்தான் வரும்' என்று கிண்டல் செய்தார்கள். 2019இல் வந்த கிட் 2.23 இதற்கு வழி வைத்திருக்கிறது. அந்தக் கமிட்டின் முழு ஹேஷை (அடையாளக் குறியீட்டை) .கிட்-பிளேம்-இக்னோர்-ரெவ்ஸ் என்ற கோப்பில் எழுதி, பிளேமுக்கு அந்தக் கோப்பைக் காட்டினால், அது அந்தக் கமிட்டைத் தாண்டி முந்தைய ஆளைக் காட்டும். கிட்ஹப் இந்தப் பெயரில் கோப்பு இருந்தால் தானாகவே எடுத்துக்கொள்கிறது. உங்கள் கணினியில் இதை அந்த ரெப்போவின் கான்ஃபிக்கில் மட்டும் எழுதுங்கள். குளோபலாக எழுதினால், அந்தக் கோப்பு இல்லாத ரெப்போக்களில் பிளேம் கோப்பைக் காணோம் என்று நின்றுவிடும்.

எடிட்டர் பக்கம் கொஞ்சம் வேலை. எடிட்டர்கான்ஃபிக் கோப்பில் வரிமுடிவு எல்எஃப் என்று எழுதினால் புதுக் கோப்புகள் ஆரம்பத்திலேயே சரியாகப் பிறக்கும். ஜாவாஸ்கிரிப்ட் பகுதியில் பிரிட்டியர் என்ற ஃபார்மேட்டர் இருந்தது. 2020இல் வந்த அதன் 2.0 பதிப்பிலிருந்து இயல்பு எல்எஃப். அதனால்தான் விண்டோஸ்காரர்களின் திரையில் ஒவ்வொரு வரிக்கும் ஒரு பிழை வந்துகொண்டிருந்தது. அதற்கு அவர்கள் கண்ட வழி, பிரிட்டியரின் வரிமுடிவு விதியை 'ஆட்டோ' ஆக்குவது. காய்ச்சலுக்கு தர்மாமீட்டரை ஒளித்து வைப்பது மாதிரி. வட்டில் எல்எஃப் வந்ததும் அந்த மாற்றத்தை நீக்கிவிட்டோம், பிழையும் வரவில்லை.

டபிள்யூ.எஸ்.எல். பயன்படுத்துகிறவர்கள் ஒரே அடைவை விண்டோஸ் கிட், லினக்ஸ் கிட் இரண்டாலும் திறப்பதுண்டு. முன்பு ஒன்றில் சுத்தமாக இருப்பது இன்னொன்றில் எல்லாக் கோப்பும் மாறியதாகக் காட்டும். இப்போது வரிமுடிவுச் சண்டை இல்லை. ஆனால் இயக்க அனுமதி பிட் பற்றிய சண்டை தனியாக உண்டு, அது கோர்.ஃபைல்மோட் அமைப்பு சம்பந்தப்பட்டது. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

பில்ட் சர்வரில் சின்னதாக ஒரு சோதனையும் வைத்தோம். அதே இஓஎல் பட்டியலை ஓட்டி, இண்டெக்ஸ் பத்தியில் சிஆர்எல்எஃப் அல்லது மிக்ஸ்ட் இருந்தால் பில்டைத் தோற்கடிக்கும். 'தொடாதே' என்று குறித்த டெஸ்ட் தரவை விலக்க மறக்காதீர்கள், அவையும் அந்தப் பட்டியலில் சிஆர்எல்எஃப் என்றே வரும்.

இவ்வளவுக்கும் அப்பால் நிற்பவை ரெப்போவுக்குள் வராத கோப்புகள். கடவுச்சொல் மாதிரி அமைப்புகளை வைக்கும் .என்வி கோப்பு அப்படிப்பட்டது. கிட் அதைக் கண்டுகொள்ளாது, கிட்டின் விதியும் அதற்குப் பொருந்தாது. விண்டோஸில் நிரப்பிய .என்வி கோப்பு சர்வருக்குப் போய், ஒரு ஸ்கிரிப்ட் அதை 'சோர்ஸ்' செய்தபோது, டேட்டாபேஸ் கடவுச்சொல் தவறு என்று வந்துகொண்டே இருந்தது. கடவுச்சொல்லைக் கண்ணால் பார்த்தால் சரி, கையால் அடித்தால் உள்ளே விடுகிறது. மாறியின் மதிப்பை இரு பக்கமும் சதுர அடைப்புக்குறி போட்டு அச்சிட்டுப் பார்த்தபோதுதான் பிடிபட்டது: மூடும் அடைப்புக்குறி வரியின் தொடக்கத்தில் வந்து நின்றது, திறக்கும் குறியைக் காணோம். கடவுச்சொல்லின் வாலில் இருந்த 13, கர்சரை இடது ஓரத்துக்குத் தள்ளியிருக்கிறது, டெலிடைப்பில் செய்த அதே வேலை. இப்போது எங்கள் ஸ்கிரிப்ட் .என்வி கோப்பைப் படிக்கும் முன் வரி ஈற்றில் உள்ள 13ஐ 'செட்' (sed) கட்டளை கொண்டு வெட்டிவிடுகிறது. மாதிரி .என்வி கோப்பு மட்டும் ரெப்போவில் எல்எஃப்பாக இருக்கிறது, புதிதாகச் சேருபவர்கள் அதை நகலெடுத்து நிரப்பிக்கொள்கிறார்கள்.